சிரிக்க வைத்த சந்திரபாபு

ஹாலிவுட் இசைப் படங்களில் கதாநாயகனே காதலிப்பான். அவனே பாடி, ஆடி, கோமாளிக் கூத்தும் அடிப்பான். 1952இல் வந்த ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ ஜீன் கெல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்த் திரையிலோ காதல் ஒருவருக்கு, சிரிப்பு இன்னொருவருக்கு, பாடும் குரல் மூன்றாமவருக்கு என்று பாகம் பிரித்துவிட்டார்கள். பிரிந்ததை ஒன்று சேர்த்துக் காட்டிய கலைஞர் ஜே.பி.சந்திரபாபு.

முத்துநகராம் தூத்துக்குடியில் 1927இல் பிறந்தார். தந்தை விடுதலைப் போராட்ட வீரர். இளமைப் படிப்பு கொழும்பில். 1947இல் ‘தன அமராவதி’யில் தலைகாட்டியும் வாய்ப்புகள் வரவில்லை. மனம் வெறுத்து ஜெமினி ஸ்டூடியோவிலேயே உயிரைவிடத் துணிந்தவரைக் காப்பாற்றினார்கள். அதே ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ (1952) அவருக்கு இடம் கொடுத்தது விந்தையல்லவா!

‘சபாஷ் மீனா’வை (1958) பார்த்தவர்கள் மறப்பார்களா? நாயகன் சிவாஜிதான். ஆனால் இரட்டை வேடம் சந்திரபாபுவுக்கு. ஒன்றில் சரோஜாதேவிக்கு ஜோடி, மற்றொன்றில் சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரர். காதலும் கேலியும் ஒரே உடம்பில் துள்ளும். குரலை உடைத்து உச்சிக்கு ஏற்றி இறக்கும் மேனாட்டு ‘யோடலிங்’ முறையை, ‘புதையல்’ (1957) படத்தில் பட்டுக்கோட்டையார் பாட்டுக்குள் கலந்தார். அது ஒட்டவில்லை என்று எவரும் சொன்னதில்லை.

‘குமாரராஜா’வில் (1961) நாயகனானார். 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கினார், கதவு திறக்கவில்லை. 1974 மார்ச்சில் மறைந்தபோது வயது 46, கையில் காசில்லை.

எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் வலை சிக்கெடுக்கும்போது கைபேசியில் அவர் பாட்டு வந்தால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். பாட்டு முடிந்த பிறகுதான் என் பரீட்சையைப் பற்றிக் கேட்பார்.