எழுத்துக்கு இனம் ஏது?

எழுதப்பட்ட கருத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர்களை நாம் நிறையவே அறிவோம். எழுத்தின் வடிவத்திலும் இனத்தைத் தேடிய ஆட்சி ஒன்று இருந்தது. அதன் சீற்றத்துக்கு ஆளானவர்களுள் ஒருவரே ஜேர்மனிய அச்செழுத்துக் கலைஞர் பவுல் ரெனர்.

1878 ஆகஸ்ட் 9ஆம் திகதி வெர்னிகெரோட நகரில் பிறந்த ரெனர், கண்டிப்பான புரட்டஸ்தாந்துச் சூழலில் வளர்ந்தார். ஓவியம் பயின்ற அவர், 1907 முதல் மியூனிக்கில் பதிப்பகம் ஒன்றுக்காக நூல்களை வடிவமைத்தார். 1924இல் அவர் வரையத் தொடங்கிய அச்செழுத்தை, பிராங்போர்ட் நகரின் பௌவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. பியூச்சுரா என்பது அதன் பெயர். வட்டம், முக்கோணம், சதுரம் என்பனவே அதன் அடிப்படை. எழுத்தின் முனைகளை அழகுபடுத்தும் சிறு கோடுகள் அதில் இல்லை. ஏ, எம், என் ஆகிய பெரிய எழுத்துகள் ஈட்டிமுனை போல் கூர்மையானவை. ஆயினும் அப்பெரிய எழுத்துகளின் அளவு விகிதங்களைப் பண்டைய ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்தே அவர் பெற்றார். புதுமையை நாடியவர் பழைமையைப் பகைக்கவில்லை.

அன்றைய ஜேர்மனியில் ரோமன் எழுத்தும், முறிந்த கோடுகளாலான கோதிக் எழுத்தும் அருகருகே வழங்கின. பின்னதையே ஜேர்மனிய இனத்தின் அடையாளமாக நாஸிகள் போற்றினர். நவீன கலைகளைக் கலாசார போல்ஷவிசம் என முத்திரை குத்தித் தாக்கினர். மியூனிக்கில் அச்சாளர்களுக்கான உயர் கல்லூரியின் தலைவராக இருந்த ரெனர், மௌனமாக இருந்திருந்தால் பதவி நிலைத்திருக்கவும் கூடும். அவரோ 1932இல் அப்போக்கைக் கண்டித்துச் சிறுநூல் ஒன்றை எழுதினார். அது சுவிட்சர்லாந்திலேயே வெளியானது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ரெனர் கைது செய்யப்பட்டார். விரைவில் விடுதலையானாலும் பதவி பறிபோயிற்று. அதன்பின் அவர் கொன்ஸ்ரன்ஸ் ஏரிப் பகுதியில் ஒதுங்கி வாழ்ந்து, ஓவியத்திலும் எழுத்திலும் ஈடுபட்டார்.

வரலாற்றின் முரண் இங்கேதான் வெளிப்படுகின்றது. தாம் போற்றிய கோதிக் எழுத்தை யூத எழுத்து எனக் கூறி, 1941 ஜனவரி 3ஆம் திகதிய சுற்றறிக்கை மூலம் நாஸிகளே விலக்கினர். ரோமன் எழுத்தே வழமையான எழுத்தாக்கப்பட்டது. கைப்பற்றிய நாடுகளில் தம் கட்டளைகள் வாசிக்கப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. இனத்தின் சின்னம் என நேற்றுப் போற்றப்பட்டது, இன்று அந்நியம் என இகழப்பட்டது. இரண்டுக்கும் வரலாற்று ஆதாரம் இருக்கவில்லை.

ரெனர் 1956 ஏப்ரல் 25ஆம் திகதி காலமானார். 1969 ஜூலையில் அப்பலோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் விட்டுவந்த தகட்டின் வாசகம், பியூச்சுரா எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. மனித குலம் முழுவதன் சார்பிலும் சமாதானத்தை நாடி வந்ததாக அறிவிக்கும் வாசகம் அது.

எழுத்து எவரையும் பகைப்பதில்லை. அதன் மீது பகைமையை ஏற்றுவோர் மனிதரே. ஆட்சிகள் அழிந்த பின்னரும் நல்லெழுத்து வாழும் என்பதை ரெனரின் வாழ்வு எமக்கு உணர்த்துகின்றது. ஆயினும், உரிய வேளையில் வாய் திறந்தமைக்காக அவர் செலுத்திய விலையை நாம் மறந்துவிடலாகாது.