ஸ்ரீராமாநுஜனும் பதின்மூன்று இலக்க எண்ணும்

நாமக்கல் ஸ்ரீநாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட வைஷ்ணவக் குடும்பத்தில், 1887ஆம் வருஷம் டிசம்பர் 22ஆம் தேதி, ஈரோட்டில் மாதாமஹர் க்ருஹத்தில் பிறந்தவர் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். வளர்ந்தது குடந்தையில், ஸ்ரீசார்ங்கபாணிப் பெருமாள் ஸந்நிதி வீதியில். தகப்பனார் ஜவுளிக் கடையில் கணக்கர். கணிதம் ஒன்றிலேயே மனம் லயித்தமையால் ஏனைய பாடங்களில் தேறாது கல்லூரிப் படிப்பு நின்றது. காகிதத்துக்கு வசதியின்றிப் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானார். மறு வருஷம் கேம்ப்ரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் பலித்து, 1914 மார்ச் மாதம் கப்பலேறினார். கடல் கடக்கத் தாயார் கோமளத்தம்மாள் முதலில் இசையவில்லை. நாமகிரித் தாயார் ஸ்வப்நத்தில் நியமித்தருளிய பின்பே இசைந்தார் என்பர்.

சீமையில் தாமே தளிகை செய்து உண்டு, யுத்த காலத்துக் கஷ்டங்களுக்கிடையே 1915ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, தம்மினும் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகளை உடைய எண்களைப் பற்றியது. பன்னிரண்டை மீதமின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதனிற் சிறிய எதற்கும் ஆறு இல்லை. திவ்யதேசங்களின் தொகையாகிய 108க்குப் பன்னிரண்டு வகுத்திகள் உண்டு, ஆயினும் ஒரு நாளின் நாழிகைகளாகிய 60க்கே பன்னிரண்டு அமைந்துவிட்டபடியால், 108 இவ்வரிசையில் இடம்பெறாது, 60 இடம்பெறும்.

இத்தகைய எண்களைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 அதிகமுறையும் அடுத்தடுத்தவை அதற்கு மிகாமலும் வரும். கோபுர நிலைகள் மேலே செல்லச் செல்லக் குறுகுவதுபோல. கடைசிப் பகா எண் ஒருமுறையே வரும், 4, 36 என்னும் இரண்டு நீங்கலாக. இதனை நிரூபித்து, அவ்வெண்களை அவர் அட்டவணையிட்டார். அதன் கடைசி எண் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதில் 2 ஆறுமுறை, 3 நான்குமுறை, 5ம் 7ம் இவ்விருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொருமுறை. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க, வகுத்திகள் 10080 ஆகின்றன. இவ்வாராய்ச்சிக்காகவே 1916ல் கேம்ப்ரிட்ஜ் பட்டம் கிடைத்தது.

1918ல் ராயல் ஸொஸைடியின் அங்கத்தினரானார். நோயுற்று 1919ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, முப்பத்திரண்டாம் பிராயத்தில் சென்னையில் பரமபதித்தார்.

தமது கணிதம் நாமகிரித் தாயாரின் அநுக்ரஹமே என்றிருந்தவர் அவர். அதைச் சொல்லி, அவர் பட்ட பாட்டை நாம் மறைத்துவிடலாகாது. யந்திர உதவியின்றிக் கையாலேயே போட்ட அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று என்பது பிற்காலத்தவர் கண்டது. அது 293318625600, வகுத்திகள் 5040. அதனை 23ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே வந்துவிடுகிறது.