தன்னைத் தான் வரைந்தவர்: ஓவியர் அமிர்தா ஷெர்கில்

தன்னைத் தானே புகழ்தல் புலவர்க்குத் தகாதென நன்னூல் விலக்குகின்றது. தன் ஆற்றலை உணராரிடத்தும், பெரிய அவையை வெல்லவேண்டியவிடத்தும், இவை போன்ற வேறு சிலவிடத்தும் மாத்திரம் அதற்கு இடந்தருகின்றது. இவ்விதி ஓவியர்க்கும் பொருந்துமா? தன் உருவைத் தானே தீட்டுவோன் தன்னைப் புகழ்கின்றானா, ஆராய்கின்றானா? அரியாலையில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவர் சிலர் இவ்வையத்தை எழுப்பினர். அமிர்தா ஷெர்கிலின் வாழ்க்கையே இதற்குத் தக்க விடை என்று கருதுகின்றேன்.

இவர் 1913 சனவரி 30இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபிலே சீக்கியப் பெருங்குடியினர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தம்மையே பல்லாண்டுகள் நிழற்படம் பிடித்து வந்தவர். தாய் ஹங்கேரி நாட்டுப் பாடகி. குடும்பம் 1921இல் சிம்லாவுக்கு வந்தது. 1929இல் அமிர்தா ஓவியங் கற்கப் பாரிஸ் சென்றார்.

அங்கே அவர் தம் முகத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். மாணவர்க்குக் கூலியின்றிக் கிடைக்கும் உருவம் தம்முருவே என்பது உண்மைதான். ஆயினும் அதுமட்டுமே காரணமன்று. ஒரு படத்தில் அவர் நகைக்கின்றார், ஒன்றிலே சோர்ந்திருக்கின்றார், ஒன்றில் ஐரோப்பிய நங்கை, மற்றொன்றில் இந்தியப் பெண். இருகுலத்து வழிவந்த ஒருத்தி தன் முகம் எதுவென்று தேடிய தேட்டமே அவை. தற்புகழ்ச்சிக்கு ஒரு முகம் போதும். ஆராய்ச்சிக்கே பல முகம் வேண்டும்.

1932இல் அவர் வரைந்த ‘இளம்பெண்கள்’ என்னும் ஓவியம் அடுத்த ஆண்டில் அவருக்குப் பதக்கமும் பாரிஸ் ஓவியமன்றத்து இணையுறுப்புரிமையும் ஈட்டித் தந்தது.

1934இல் வரைந்த படம் தனித்து நோக்கத்தக்கது. பிரெஞ்சு ஓவியர் கோகன் முன்னர்த் தாகிட்டித் தீவுப் பெண்களை வரைந்து புகழெய்தினார். அமிர்தாவோ அத்தீவுப் பெண்ணாகவே தம்மை நிறுத்தினார். மேலாடையில்லை, பார்வை நம்மீது படவில்லை, பின்னே ஓர் ஆணின் நிழல். வரைபவளும் வரையப்படுபவளும் ஒருத்தியே. பிறரால் நோக்கப்படுதல் எத்தகையது என்பதைத் தம் உடலையே சான்றாக்கிக் காட்டியதாக யான் இதனைக் கொள்வேன்.

அவ்வாண்டிறுதியில் இந்தியா மீண்டார். அசந்தா, எல்லோரா, கொச்சி மட்டாஞ்சேரிச் சுவரோவியங்கள், குமரிமுனை ஆகியவற்றைக் கண்டபின், 1937இல் ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்னும் மூன்றையுந் தீட்டினார். கண்ணாடியினின்றும் அவர் கண் பிறர் முகத்துக்குத் திரும்பிவிட்டது.

செல்வர்மகள் ஏழையரைப் புறத்தே நின்று நோக்கினாள், கோகன் செய்ததையே தானுஞ் செய்தாள் என்பாரும் உளர். இக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளுதல் இயலாது. எனினும், நோக்கப்படுவோரின் நிலையில் ஒருகால் தம்மையே நிறுத்திப் பார்த்தவர் அவர். அதனாற்போலும், அக்கிராமத்தார் காட்சிப்பொருளாகாது தம்முள் ஆழ்ந்த மாந்தராய் நிற்கின்றனர்.

1938இல் மருத்துவரான தம் உறவினரை மணந்தார். 1941 திசெம்பர் 5இல், லாகூரில் தம் ஓவியக்காட்சி தொடங்கவிருந்த வேளையில், இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். 1976இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமென அறிவித்தது.

தன்னை வரைதல் செருக்காவதும் கல்வியாவதும், வரைந்தபின் கண் எங்கே செல்கின்றது என்பதைப் பொறுத்தது. தன்முகத்திலேயே தங்கிவிடின் அது செருக்கு. அயலார் முகத்தை அறியக் கற்பிக்குமாயின் அதுவே கல்வி.