கல்லூரி வாயிலில் கணித மேதை

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் புதிய இடத்தில் முதன்முதலாகக் காலூன்றும்போது உண்டாகும் மருட்சி இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மருட்சி இளமையிலே, அதுவும் கல்லூரி வாயிலை மிதிக்கும் பருவத்திலே நேருமாயின், அதன் விளைவு வாழ்நாள் முழுதும் தொடரக் கூடும். ஒருவனை ஆக்குவதும் அழிப்பதும் பல நேரங்களில் அந்த முதற்சில திங்கள்களே. இவ்வுண்மைக்குச் சான்றாகக் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜனது வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்ததொன்றை நாம் அறியோம். அவருடைய கணிதப் பெருமையைப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். அவர் கல்லூரி மாணவராய்ப் புகுந்த மூன்று வேளைகளையும், அவ்வவ்விடத்தில் அவருக்கு நேர்ந்தவற்றையும் மட்டும் இம்மலரில் எண்ணிப் பார்ப்போம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தவர், அன்னை கோமளத்தம்மாள். வறுமை அக்குடும்பத்துக்குப் பழகிய விருந்தாளி. நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சிறுவன், 1904ஆம் ஆண்டில் கணிதத்துக்கான சிறப்புப் பரிசுடன் வெளிவந்தான். உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் இடமும் கிடைத்தது. காவிரிக் கரையில் அமைந்த அக்கல்லூரியைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அந்நாளில் போற்றினர். வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். உணவும் உறவும் பழகிய தெருவும் யாவும் அருகிலேயே இருந்தன. ஒரு புதிய மாணவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?

ஆயினும் அத்தொடக்கமே அவருக்கு முதல் வீழ்ச்சியாய் முடிந்தது. கல்லூரியில் சேர்வதற்கு முன்னரே, 1903ஆம் ஆண்டளவில், கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களைப் பெரும்பாலும் நிறுவல் விரிவின்றி வரிசையாய் அடுக்கிக் காட்டும் அந்நூல், அவரை முற்றும் ஆட்கொண்டுவிட்டது. வகுப்பில் ஆங்கிலம் நடக்கும், உரோமர் வரலாறு நடக்கும், உடலியல் நடக்கும். இராமானுஜனோ தம் குறிப்பேட்டில் தொடர்களையும் தொகைகளையும் எழுதிக்கொண்டிருப்பார். கல்லூரியின் சட்டமோ எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்பது. கணிதத்தில் ஆசிரியரையே வியக்கவைத்த மாணவர் ஏனைய பாடங்களில் தவறவே, உபகாரச் சம்பளம் பறிபோயிற்று.

சம்பளம் போயிற்று என்றால் படிப்பும் போயிற்று என்பதே அக்குடும்பத்தின் நிலை. அதனினும் கொடிது நாணம். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 17 வயதே நிரம்பிய அவ்விளைஞர் எவரிடமும் சொல்லிக் கொள்ளாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். மகனைக் காணாத பெற்றோர் துடித்தனர். செய்தித்தாளில் அறிவிப்பும் வெளியாயிற்று. பின்னர் அவர் வீடு திரும்பினார். இதில் கல்லூரியை மட்டும் குறைகூற நாம் முற்படவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கணிதத்திலேயே மூழ்கியிருந்த அம்மாணவரைத் தனியே அழைத்து, பிற பாடங்களில் தேறும் அளவுக்கேனும் கைப்பிடித்து நடத்த ஓர் ஆளில்லாமற் போயிற்றே என்பதுதான் நம் நெஞ்சை வருத்துகிறது. வீட்டுக்கு அருகில் இருந்தும் அவர் தனியராகவே இருந்தார்.

அடுத்த வாயில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மீண்டும் எப்.ஏ. வகுப்பை நாடிச் சென்னைக்கு வந்தார். ரயிலை விட்டிறங்கியவர் களைப்பு மேலிட்டு நிலையத்திலேயே உறங்கிவிட்டாரென்றும், முன்பின் அறியாத ஒருவர் அவரை எழுப்பித் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உணவளித்துக் கல்லூரிக்கு வழிகாட்டி அனுப்பினாரென்றும் கூறுவர். அம்மனிதரின் பெயரைக் காலம் நமக்கு வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் அவர் செய்த உதவி நிலைத்துவிட்டது.

பச்சையப்பனில் அவருக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் இம்மாணவரின் ஆற்றலை உணர்ந்து, அரிய கணக்குகளை அவரோடு அமர்ந்து ஆராய்வார். ஆனால் உடலியற் பாடம் இங்கும் தொடர்ந்து வந்தது. பிராணிகளை அறுத்துக் காட்டும் அப்பாடம் புலாலையே அறியாது வளர்ந்த அவருக்கு அருவருப்பை ஊட்டியது. சில திங்கள்களில் நோயும் பற்றிக்கொள்ள, கும்பகோணம் திரும்ப நேர்ந்தது. ஆண்டின் இறுதியில் தேர்வு எழுதித் தவறினார். 1907ஆம் ஆண்டில் தனியே எழுதி மறுபடியும் தவறினார். கணிதத்தில் வென்றவர் மற்றவற்றில் தோற்ற பழைய கதைதான். இவ்வாறு கல்லூரிப் பட்டம் என்னும் கதவு இருமுறை அடைபட்டது.

அதன்பின் வந்த ஆண்டுகளை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1909இல் ஜானகி அம்மையாரை மணந்ததும், வேலை தேடி அலைந்ததும், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்ததும், 1913ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசான் ஹார்டிக்கு மடல் எழுதியதும் தமிழர் பலரும் அறிந்தவை. அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவியும் அளித்தது. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்த நெவில் என்னும் இளம் கணித அறிஞர் இராமானுஜனைச் சந்தித்துப் பயணத்துக்கு இசைவித்தார். கடல் கடத்தல் ஆகாது என்ற குல வழக்கம் தடையாய் நின்றது. நாமகிரித் தாயார் கனவில் தோன்றி ஆணையிட்டதாக அன்னை உரைத்த பின்னரே அத்தடை நீங்கியது என்பர். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், பயணத்துக்கும் உடைகளுக்குமாக 100 பவுனும் வழங்கப் பல்கலைக் கழகம் முன்வந்தது. அத்தொகையில் ஒரு பகுதி மாதந்தோறும் தம் அன்னைக்குச் சேருமாறு அவர் ஏற்பாடு செய்துகொண்டார்.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பல் சென்னையினின்று புறப்பட்டது. குடுமி களைந்து, மேனாட்டு உடை பூண்டு, அதிலே நின்ற இராமானுஜனுக்கு வயது 26. ஏப்ரல் 14ஆம் நாள் அவர் இங்கிலாந்தை அடைந்தார். வரவேற்க நெவிலே வந்திருந்தார். இந்திய மாணவர்களை வரவேற்றுத் தங்கவைப்பதற்கென இலண்டன் குரோம்வெல் சாலையில் இருந்த விடுதியில் சில நாட்கள் தங்கியபின், கேம்பிரிட்ஜில் நெவிலின் இல்லத்துக்கே அழைத்துச் செல்லப்பட்டார். நெவிலும் அவர் துணைவியாரும் ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள் அவரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினர். நடைமுறைகளைக் கற்பதற்கும், வேண்டிய படிவங்களை நிரப்புவதற்கும், ஊரைப் பழகிக்கொள்வதற்கும் அவர்கள் துணைநின்றனர். எப்.ஏ. தேறாதவர் என்னும் தடையையும் டிரினிட்டிக் கல்லூரி பொருட்படுத்தவில்லை. ஆராய்ச்சி மாணவராய் அவரைச் சேர்த்துக்கொண்டது. அடைபட்ட கதவு இம்முறை திறந்தது.

திறந்த வாயிலினுள்ளும் இடர்கள் இல்லாமலில்லை. இருபத்தாறாண்டுகள் கட்டற்றுத் திரிந்த பாதங்களைக் காலணிகள் வருத்தின. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் வழக்கம் புதிது. காய்களோ சுவையறியாதவை. ஜூன் திங்களில் கல்லூரிக்குள்ளேயே அறை கிடைத்தது. ஹார்டியின் அறைக்கு எளிதில் நடந்து செல்லலாம். ஆனால் கல்லூரிப் பேரவையில் எல்லோருடனும் அமர்ந்து உண்ண அவரால் இயலவில்லை. தம் அறையில் எரிவாயு அடுப்பை மூட்டித் தாமே சமைத்துக்கொண்டார். ஊரிலிருந்து புளி முதலியன அஞ்சல் மூட்டையாய்ச் சென்றன. டிரினிட்டி மாணவர்கள் உணவோடு நட்பையும் பெற்ற இடம் அப்பேரவை; இராமானுஜனுக்கு அவ்வழி அடைபட்டதை நாம் மறத்தலாகாது.

குளிரைப் பற்றிய செய்தி ஒன்றுண்டு. பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராய்ப் பெரும் புகழெய்திய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் அவர் சென்றபோது இராமானுஜன் கணப்பருகே நடுங்கியவாறு அமர்ந்திருந்தார். இரவில் மேலங்கியை அணிந்து சால்வையால் போர்த்திக்கொண்டே உறங்குவதாகச் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குட் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை விரிப்பின் கீழ் ஒழுங்காய்ச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேல்விரிப்பின்மீதே படுத்து வந்திருக்கிறார். மகலனோபிஸ் அவ்விரிப்பை விலக்கிக் காட்டினார். முடிவிலித் தொடர்களின் மறைபொருளை உணர்ந்தவருக்கு இது தெரியாதா என்று நகைப்பது எளிது. தெரியாதவரை இழிவுபடுத்தாமல் இதமாய்க் காட்டிக் கொடுத்தாரே, அதுவன்றோ போற்றத்தக்கது!

அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. டிரினிட்டியின் முற்றத்து நடைகளில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை எழுந்தது. அந்நிலையிலும் இராமானுஜனின் உள்ளம் தன் வழியிலேயே சென்றது. டிசம்பரில் மகலனோபிஸ் ஒரு திங்கள் இதழிற் கண்ட புதிரை அவரிடம் படித்துக் காட்டினார். அப்போது இராமானுஜன் அடுப்பின்மேல் காய்களைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். ஒன்றிலிருந்து வரிசையாய் எண்கள். ஒரு வீட்டுக்கு முன்னுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் பின்னுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அவ்வீட்டின் எண் யாது? தெருவில் 288 வீடுகள், விடை 204. இருபுறமும் தொகை 20,706. மகலனோபிஸ் சற்று முயன்று இதைக் கண்டிருந்தார். இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, இவ்வொரு விடையை மட்டுமன்றி இவ்வகைக் கணக்குகள் அனைத்துக்கும் விடைதரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார்.

இதே திங்கள்களில் ஹார்டி அவருக்குச் செய்த உதவியும் நினைத்தற்குரியது. நிறுவல் என்னும் நெறியை இராமானுஜன் முறையாய்ப் பயின்றவரல்லர். அதனைக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும்போது அவருடைய தன்னம்பிக்கை குலையவும் கூடாது. மாணவரிடமிருந்து தாமும் கற்றுக்கொண்டே ஹார்டி அவருக்குக் கற்பித்தார். 1914ஆம் ஆண்டில் பை என்னும் எண்ணைக் கணக்கிடும் வழிகள் பற்றிய கட்டுரையும், மறு ஆண்டில் பல காரணிகளை உடைய எண்களைப் பற்றிய நெடுங்கட்டுரையும் வெளிவந்தன. பின்னதன் பேரில் 1916ஆம் ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. கும்பகோணமும் சென்னையும் அளிக்கத் தவறிய பட்டம் அது.

கதை இங்கேயே முடியுமாயின் மகிழ்வோம். அவ்வாறு முடியவில்லை. போர் நீடித்தது. கணித நண்பர் லிட்டில்வுட் படைப்பணிக்குச் சென்றார். மகலனோபிஸ் 1915இல் தாயகம் திரும்பினார். மாணவர்கள் களம் புகவே கல்லூரி வெறிச்சோடியது. கம்பளியை விலக்கிக் காட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராய் நீங்க, அவர் நேரந்தவறி உண்டும், இரவுபகலாய் எண்களோடு உழைத்தும் உடல் நைந்தார். 1917ஆம் ஆண்டில் நோய் பற்றியது. 1918ஆம் ஆண்டு இராயல் சொசைட்டியின் உறுப்பினர் பெருமையும், அவ்வாண்டிலேயே டிரினிட்டியின் பெல்லோ பதவியும் வந்தடைந்தன. 1919இல் தாயகம் மீண்டவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அறிவைப் போற்றியவர் பலர் இருந்தனர். இறுதி ஆண்டுகளில் அவர் உண்டாரா, உறங்கினாரா என்று அருகிருந்து பார்ப்பார் மிகச் சிலராயினர்.

இவ்வரலாற்றை இம்மலரில் நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் காலத்தில், நம் இளைஞரும் இளம்பெண்டிரும் மொழியறியாத இந்நகருக்கு வந்திறங்குகின்றனர். அவர்களுள் யார் எதில் சிறப்பர் என்று நாம் அறியமாட்டோம், அறியவும் வேண்டுவதில்லை. ரயில் நிலையத்தில் உறங்கிய இளைஞரை எழுப்பிச் சோறிட்ட அப்பெயரறியா மனிதர், அவர் கணித மேதை என்றறிந்தா செய்தார்? வந்தவர்க்கு முதல் வாரத்தில் ஒருவேளை உணவு, முதல் திங்களில் ஒரு விசாரிப்பு, முதல் தேர்வில் தவறியபோது ஓர் ஆறுதல். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவும் வேண்டா, பெரும் கட்டடமும் வேண்டா. தொடக்கத்தில் செய்வதோடு நின்றுவிடாமல், இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் சென்று பார்ப்பதே இராமானுஜன் வாழ்வு நமக்கு உணர்த்தும் கடமை. சங்கம் என்னும் சொல்லுக்குக் கூடியிருத்தல் என்பது பொருள். அப்பொருளைப் புதிதாய் வரும் மாணவர் ஒவ்வொருவரும் நம்மிடம் கண்டுணருமாறு வாழ்வோமாக.