பெஸ்ஸி கோல்மன் அம்மையாரின் இரண்டாம் பயணம்

பெஸ்ஸி கோல்மன் அம்மையாரைப் போற்றுவோர் 1921-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாளையே பெரிதும் எடுத்துப் பேசுவர். அன்றுதான் விமானம் ஓட்டுதற்குரிய சர்வதேச அநுமதிப் பத்திரம் பிரான்சு தேயத்தில் அவர் கைக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பின மாதருள் அதனை முதன்முதற் பெற்றவர் அவரே. அந்நாளின் பெருமையை நாம் குறைக்கப் புகுந்தோமல்லோம். ஆயினும் அதன்பின் எட்டுத் திங்கள் கழித்து, மீட்டும் மாணவியாகிக் கப்பலேறினாரே, அச்செயலே நமக்கு அதனினும் அரியதாகத் தோன்றுகின்றது.

அம்மையார் 1892-இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தில், அட்லாண்டா என்னுஞ் சிற்றூரிலே, பதின்மூன்று மக்களைப் பெற்ற ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். பருத்தி எடுக்குங் காலத்திற் பள்ளியை விட்டு வயலுக்குச் செல்லுதல் அக்குடும்பத்துப் பிள்ளைகளின் வழக்கம். லாங்ஸ்டன் நகரத்து உயர்கல்விச் சாலையில் ஒரு பருவம் பயின்றார். கைப்பொருள் தீர்ந்தமையால் வீடு திரும்பினார். 1915-இல் சிக்காகோ நகர் சென்று, நாவிதர் கடையொன்றில் வருவோரின் கைந்நகங்களைத் திருத்தி மெருகிடுந் தொழிலில் அமர்ந்தார். முதல் உலகப் போரினின்று மீண்ட தமையனார், பிரான்சு நாட்டுப் பெண்டிர் விமானம் ஓட்டுவதைச் சொல்லி அவரை எள்ளி நகைத்தார். அந்நகையே வித்தாயிற்று.

நிறமும் பெண்மையும் ஒருங்கே தடையாகி நின்றமையின், அமெரிக்காவில் எந்தப் பயிற்சிச் சாலையும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. சிக்காகோ டிபெண்டர் என்னும் பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபட் என்பார், பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு பிரான்சுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். அம்மையார் அவ்வாறே மொழி பயின்று, 1920 நவம்பரிற் புறப்பட்டு, லெ குரோத்வா என்னுமூரிற் கோத்ரோன் சகோதரர் நடத்திய பள்ளியிற் சேர்ந்தார். மரச்சட்டமுந் துணியுங் கம்பியுமாக அமைந்த இரட்டைச் சிறகு விமானத்திலே பயின்றார். உடன் பயின்ற ஒருவர் விழுந்து மாண்டதைக் கண்ணாற் கண்டும் பயிற்சியை விட்டாரில்லை.

1921 செப்டம்பரில் நியூயார்க்குத் துறைமுகத்தில் இறங்கியபோது பத்திரிகையாளர் சூழ்ந்துகொண்டனர். புகழ் வந்தது, பிழைப்பு வரவில்லை. அக்காலத்து நிலைமையை இவ்விடத்துச் சிறிது விளக்குதல் வேண்டும். பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானப் போக்குவரத்து அமெரிக்காவில் அந்நாளில் வேரூன்றவில்லை. தபாற் பைகளைச் சுமக்கும் விமானங்களோ அரசாங்கத்தின் தபால் இலாகாவைச் சார்ந்தவை. அவ்வேலை அம்மையாரைப் போன்றார்க்கு எட்டாக் கனி. எஞ்சியது ஒன்றே: ஊரூராகச் சென்று, வானிலே வித்தை காட்டிப் பொருளீட்டுதல். போரில் விமானம் ஓட்டிப் பழகினோர் பலர், இராணுவம் கழித்துவிட்ட விமானங்களை மலிவாக வாங்கி அத்தொழிலில் இறங்கியிருந்தனர். அவரோடு போட்டியிட அம்மையார் கையிலிருந்த பத்திரம் போதாது. 8 என்னும் இலக்க வடிவில் வளைந்து பறத்தலும், எஞ்சினை நிறுத்திவிட்டுக் குறித்த இடத்தருகே இறங்குதலுமே அப்பத்திரத்திற்குரிய தேர்வின் சாரம். தலைகீழாகச் சுழன்று மீளுதலும், செங்குத்தாகப் பாய்ந்து தரையை அணுகி மேலெழுதலும் வேறு கலை. அரைகுறையாகக் கற்றுச் செய்வார்க்கு அது சாவாய் முடியும்.

பெற்ற புகழை வைத்துக்கொண்டு மேடைதோறும் பேசிக் காலங்கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிரார். கற்றது முடிந்தது என்று எண்ணுதற்கு ஒரு பத்திரம் எவ்வளவு எளிதிற் காரணமாகிவிடுகின்றது என்பதைப் பட்டம் பெற்ற நாமெல்லாம் அறிவோம். அம்மையார் சிக்காகோவிலே ஆசிரியரைத் தேடினார்; கற்பிப்பார் ஒருவருங் கிடைக்கவில்லை. எனவே 1922 பிப்ரவரியில் மீண்டும் கடல் கடந்தார். பிரான்சில் ஏறக்குறைய இரண்டு மாதம் உயர்தரப் பயிற்சி பெற்றார். ஒல்லாந்து சென்று, விமானங்களை வகுப்பதிற் பெயர்பெற்ற ஆந்தனி போக்கரைக் கண்டார். பின்னர் ஜெர்மனியில் போக்கர் கம்பெனியைச் சார்ந்த விமானியிடம் மேலும் பயின்றார்.

அப்பயிற்சியின் பயன் விரைவிற் றெரிந்தது. 1922 செப்டம்பர் 3-ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த கர்ட்டிஸ் மைதானத்தில், போரிலே புகழ்பெற்ற கறுப்பினப் படையொன்றின் வீரரைச் சிறப்பித்து நடந்த விழாவில் அவர் பறந்தார். அடுத்த மாதம் சிக்காகோவிலும் வான்வித்தை காட்டினார். ஆனாற் பயிற்சியால் வெல்ல முடியாத தடையொன்று இருந்தது, அது வறுமை. புதிய விமானம் வாங்கப் பொருளில்லாமையாற் பழைய இராணுவ விமானத்தையே வாங்கினார். 1923 பிப்ரவரியிற் கலிபோர்னியாவில் அது மேலெழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் நின்று வீழ்ந்தது. காலும் விலாவெலும்புகளும் முறிந்தன.

உடல் தேறியபின் மீட்டும் பறந்தார். தாம் வளர்ந்த வாக்ஸஹாச்சி நகரிற் காட்சி நடத்த அழைத்தோர், வெள்ளையர்க்கு ஒரு வாயிலும் கறுப்பினத்தார்க்கு ஒரு வாயிலும் வைக்க எண்ணினர். ஒரே வாயில் இல்லையேற் பறவேன் என்று அம்மையார் மறுத்துவிட, அவர் இணங்கினர். உள்ளே இருக்கைகள் மட்டும் பிரிந்தே இருந்தன. ஈட்டிய பொருளைக்கொண்டு தம் இனத்தார்க்கு விமானப் பயிற்சிச் சாலை யொன்று நிறுவுதலே அவர் கருத்து. தாம் கல்வி தேடி இருமுறை கடல் கடந்தவராதலின், அதன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

1926 ஏப்ரல் 30-ஆம் நாள், புளோரிடா மாகாணத்து ஜாக்ஸன்வில் நகரில், மறுநாட் காட்சிக்காக இடம் பார்க்கப் பறந்தார். விமானத்தை வில்லியம் வில்ஸ் என்னும் மெக்கானிக் ஓட்டினார். பாரசூட்டில் இறங்குதற்கேற்ற இடத்தை எட்டிப் பார்க்கும்பொருட்டு அம்மையார் இடைவார் பூட்டாதிருந்தார். திடீரென விமானம் பாய்ந்து கவிழவே, கீழே வீழ்ந்து மாண்டார். வில்ஸும் விமானத்தோடு வீழ்ந்து இறந்தார். கழன்று கிடந்த திருகு கருவியொன்று இயக்கும் உறுப்புக்களிற் சிக்கியதே காரணமென்று கண்டனர். அப்போது அம்மையார்க்கு வயது 34. பயிற்சிச் சாலை தொடங்கப்படவில்லை.

மூன்றாண்டு கழித்து, 1929-இல், வில்லியம் பவல் என்பார் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அம்மையார் பெயராலேயே விமானச் சங்கமொன்றை நிறுவினார். கறுப்பின ஆடவரும் மகளிரும் கடல் கடவாமலே அங்குப் பறக்கக் கற்றனர்.