மாடிப்படியில் அடிபட்ட மூக்கு... ஜப்பானில் விஸ்கி பிறந்த கதை!

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பல வருஷம் வியாபாரம் பார்த்தவரின் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கூடையை நீட்டிப் பாருங்கள். மல்லியா பிச்சியா, இன்று பறித்ததா நேற்றையதா என்று சொல்லிவிடுவார். பிறவி வரமெல்லாம் இல்லை. தினமும் முகர்ந்து முகர்ந்து வந்த பழக்கம். இதே பழக்கத்தை நம்பி ஒரு நாட்டுக்கே புதுத் தொழிலைக் கொண்டுவந்தவர் மசடாக்கா தகெட்சுரு.

1894-ல் ஹிரோஷிமா பக்கம் தகெஹாராவில், அரிசியிலிருந்து 'சாகே' தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து மூக்கில் பலத்த அடி, தையல் வேறு. அதற்குப் பிறகுதான் தனக்கு வாசனை நன்றாகத் தெரிய ஆரம்பித்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு கதை!

ஒசாகாவில் நொதித்தல் தொழில்நுட்பம் படித்துவிட்டு செட்சு ஷுசோ கம்பெனியில் சேர்ந்தார். அன்றைய ஜப்பானிய 'விஸ்கி' பெரும்பாலும் ஸ்பிரிட்டில் நிறமும் எசன்ஸும் கலந்த சமாச்சாரம். அசலைக் கற்றுவர 1918-ல் கம்பெனி அவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. கிளாஸ்கோவில் வேதியியல் வகுப்பு, லாங்மோர்ன் ஆலையில் சில நாள், 1920-ல் ஹேசல்பர்ன் ஆலையில் சில மாதம். பார்த்தது, தொட்டது, முகர்ந்தது எல்லாம் நோட்டில் ஏறியது.

முகர அப்படி என்ன இருக்கிறது?

நிறையவே. நொதிக்கும்போது உருவாகும் எஸ்டர்கள் பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் வாசனை தரும். ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறும்போது வெனிலாவும் தேங்காயும் சேரும். புகை வாடை வருவது 'பீட்' என்ற சதுப்பு நிலக் கரியால். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிய செடிகொடிகள்தான் அது. முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் காயவைத்தால் ஃபீனால்கள் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரி வாடை மாதிரி இருக்கிறது என்று பலர் முகம் சுளிப்பது இதற்குத்தான்.

இதைப் பிரித்தறிய குடிக்கக்கூட வேண்டாம். ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்யும் என்பதால், கலவை நிபுணர்கள் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்து, வாய் குறுகிய கிளாஸில் முகர்வார்கள். வந்த வாசனைக்குத் தெரிந்த ஒரு பொருளின் பெயரை வைப்பார்கள். பெயர் வைத்தால்தான் அது ஞாபகத்தில் நிற்கும்.

1920 ஜனவரியில் ரீட்டா என்ற ஸ்காட்டிஷ் பெண்ணை, இரு வீட்டு எதிர்ப்பையும் மீறிக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த ஆண்டு கடைசியில் ஊர் திரும்பினால், பொருளாதார நெருக்கடியில் கம்பெனி விஸ்கித் திட்டத்தையே கைவிட்டிருந்தது.

1923-ல் ஷின்ஜிரோ டோரி அவரை வேலைக்கு எடுத்தார். யமசாக்கி ஆலை எழுந்தது. 1929-ல் வெளியான 'ஷிரோஃபுடா' ஸ்காட்லாந்து பாணியில் புகை மணக்க வந்தது. விற்கவில்லை. ஏதோ கருகின வாடை என்று ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்கள். பல வருஷம் பழக்கிய மூக்குக்குப் பிடித்தது, பழகாத மூக்குக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மக்களுக்கு ஏற்ற மென்மையான சுவை வேண்டும் என்பது டோரியின் கணக்கு. வியாபாரமாகப் பார்த்தால் அவர் சொன்னதும் தப்பில்லை. 1937-ல் அவர் கொண்டுவந்த 'காகுபின்' பிய்த்துக்கொண்டு போனது.

தகெட்சுரு 1934-லேயே விலகி, வடக்கே ஹொக்கைடோவின் யோய்ச்சிக்குப் போயிருந்தார். குளிர், ஈரக்காற்று, பீட் எல்லாம் ஸ்காட்லாந்து மாதிரியே. ஆனால் விஸ்கி ஊறி முடியும்வரை சாப்பாட்டுக்கு? ஆப்பிள் ஜூஸ் விற்றார். அதுவும் சரியாகப் போகவில்லை. 1940-ல்தான் முதல் 'நிக்கா' விஸ்கி வந்தது. போர்க்காலத்தில் கடற்படை வாங்கியதால் ஆலை பிழைத்தது. ஆனால் அதே போர், வெள்ளைக்காரி என்பதற்காக ரீட்டாவை உளவாளியாகச் சந்தேகித்து போலீஸ் கண்காணிப்பில் வைத்தது.

1961-ல் ரீட்டா இறந்தார். அடுத்த ஆண்டு அவர் நினைவாக 'சூப்பர் நிக்கா' வந்தது. 1979-ல் தகெட்சுருவும் மறைந்தார். யோய்ச்சி ஆலையின் கொப்பரைகள் அவர் ஸ்காட்லாந்தில் கற்ற முறைப்படி இன்றும் நிலக்கரித் தீயில்தான் காய்கின்றன.