நூலகத் தந்தை

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன் 1892இல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். மாணவர் சூழ வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை பெருஞ்சுமையாயிற்று. விரைவிலேயே வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். ஆயினும், நூலகவியல் பயில இலண்டன் சென்றபோது அவர் உள்ளம் மாறியது. அங்குச் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரையும் நூலகங்கள் அரவணைத்தமையைக் கண்டார். தாம் ஏற்றதும் ஆசிரியப் பணியே எனத் தெளிந்தார்.

தாயகம் திரும்பியவர், நூல்கள் பூட்டிக் காப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதை நடைமுறையாக்கினார். படிப்போர் தாமே அடுக்குகளிடையே சென்று நூல்களைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார். ஒவ்வொருவர்க்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் உண்டு என்னும் கொள்கையை உள்ளடக்கிய ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. பள்ளி, கல்லூரி நூலகங்கள் குறித்து 1942இல் தனிநூல் படைத்தார். அவரது இடையறா முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. 1972இல் அவர் மறைந்தார். வேண்டாவெறுப்பாய் ஏற்ற பணியே அவரது வாழ்நாள் தவமாயிற்று.